பழைய ஜீப்பின் பிரேக் ஆயில் டப்பா: மேலே கொண்டுவந்தால் என்ன மாறுகிறது?

பழைய ராணுவ ஜீப் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் யோசனை ஒன்று உண்டு. தரைத் தகட்டுக்கு அடியில் இருக்கும் பிரேக் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரு ஹோஸ் இழுத்து, பானெட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா மாட்டிவிடுவது. பிரேக் ஆயிலை அங்கேயே பார்க்கலாம், அங்கேயே ஊற்றலாம். செலவு குறைவு, அரை நாள் வேலை. "மாட்டிட்டா பிரேக் ஜம்முனு ஆயிரும் அண்ணாச்சி" என்று பட்டறையில் சொல்வார்கள்.

டப்பா நல்ல யோசனைதான். அந்த "ஜம்முனு ஆயிரும்" என்பதில்தான் எனக்குச் சண்டை. இந்த மாற்றத்தால் பிரேக் ஒரு துளிகூட மேம்படுவதில்லை. மேம்படுவது நம்முடைய பார்வை மட்டுமே. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் நிம்மதியாகச் சாய்வில் இறங்குகிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

முதலில் வண்டி. நாம் ஜீப் என்று அழைப்பதை அமெரிக்க ராணுவம் தன் காகிதங்களில் கால் டன் டிரக் என்றே எழுதியது. 1940 ஜூலையில் ராணுவம் கேட்டது, செப்டம்பரில் பேண்டம் கம்பெனி முதல் மாதிரியைக் கொடுத்தது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. போருக்குப் பின் மிஞ்சியவை உலகம் முழுக்க ஏலத்தில் போயின. நம் ஊர்ப் பேச்சில் 'டிஸ்போசல் வண்டி' என்ற சொல் அப்படித்தான் நிலைத்தது. 1940-களின் இறுதியில் மகிந்திரா இங்கேயே வில்லிஸ் ஜீப்பைக் கோர்க்க ஆரம்பித்தது. அமெரிக்காவில் சிஜே-3பி 1968-ல் நின்றுபோன பிறகும், அந்த உயர்ந்த பானெட் முகம் இங்கே பல பத்தாண்டுகள் ஓடியது.

கடையநல்லூர்க்காரர்களுக்கு ஜீப் ஒரு பழம்பொருள் இல்லை. ஊருக்கு மேற்கே கருப்பாநதி அணைப் பக்கம் மலையடிவாரத் தோப்புகளுக்குத் தேங்காய் ஏற்றவும் மாங்காய் ஏற்றவும் அதுதான் போகும். அந்தப் பக்கம் செங்கோட்டை, குண்டாறு என்று போனால் சீசன் காலத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கல்லும் சேறுமான பாதையில் ஏறும். பெரும்பாலானவை பிற்கால மகிந்திரா வண்டிகள். இடையிடையே, மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருக்கும் மூத்த வண்டிகளும் உண்டு. இந்தக் குறிப்பு அந்த மூத்தவர்களைப் பற்றியது.

ஏன் கீழே வைத்தார்கள்?

இதை முட்டாள்தனமான வடிவமைப்பு என்று சுலபமாகத் திட்டிவிடலாம். நான் அந்தக் கட்சியில் இல்லை. பழைய ஜீப்பில் பெடல், தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே போகிறது. அதன் கீல் சேஸிஸ் சட்டத்தில் இருக்கிறது. பெடலை மிதிக்கும் மொத்த விசையையும் தாங்கக்கூடிய இடம் அந்தச் சட்டம்தான். மற்றதெல்லாம் மெல்லிய தகடு. அதனால் மாஸ்டர் சிலிண்டரையும் அங்கேயே, பெடலுக்குப் பக்கத்திலேயே, ஒரு குட்டைத் தண்டில் இணைத்துவிட்டார்கள். ஆயில் தொட்டியும் சிலிண்டரோடு சேர்ந்த ஒரே வார்ப்பு. தனி ஹோஸ் கிடையாது, தனி இணைப்பு கிடையாது, ஒழுக ஒரு இடம் குறைவு. மோரிஸ் மைனர் காரிலும் இதே ஏற்பாடுதான். அந்தக் காலத்துப் புத்தி அப்படி.

இந்த வடிவமைப்பு ஒரு மனிதரை நம்பி நிற்கிறது. கையில் பட்டியலோடு, குறிப்பிட்ட மைலுக்கு ஒரு முறை தரை மூடியைக் கழற்றி, ஆயில் மட்டம் பார்த்து, டிக் போடும் ராணுவ மெக்கானிக்கை. வண்டி ஏலத்தில் போனது. அந்த மனிதர் அதோடு வரவில்லை.

அவர் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? ஆயில் பார்க்க வேண்டுமானால் மேட்டைத் தூக்க வேண்டும், சின்ன மூடித் தகட்டின் திருகுகளைக் கழற்ற வேண்டும், கீழே சேறு அப்பிக் கிடக்கும் மூடியைத் துடைக்க வேண்டும், ஸ்பானர் போட்டுத் திருப்ப வேண்டும். சரியாகத் துடைக்காவிட்டால் மண் நேராக உள்ளே விழும். மண் விழுந்தால் ரப்பர் கப்பைக் கீறும். ஆக, பார்ப்பதே ஒரு ஆபத்து. ஆகவே யாரும் பார்ப்பதில்லை. "பெடல் நல்லாத்தானே இருக்கு?" என்பதுதான் சோதனை. பெடல் நன்றாக இல்லாமல் போகும் நாளில் சோதனைக்கு நேரம் இருக்காது.

நம் பக்கத்துக்கு இன்னொரு விசேஷம். ஜூனிலிருந்து சாரல். ஓடையில் இறங்கி ஏறும் பாதை. அந்த மூடியில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை உண்டு. அது இல்லாமல் சிலிண்டர் வேலை செய்யாது. அதே துளை வழியாகத் தண்ணீரும் போகலாம். அமெரிக்க ராணுவத்துக்கே இது புரிந்திருந்தது. 1950-ல் வந்த எம்38 ஜீப்பில், ஆழமான தண்ணீரைக் கடப்பதற்காக மாஸ்டர் சிலிண்டரின் மூச்சுத் துளையை ஒரு குழாய் வழியாக மேலே கொண்டுபோனார்கள். எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், மூச்சை மேலே கொண்டுபோனவர்கள் கண்ணை மேலே கொண்டுபோகவில்லை. ஆயில் மட்டம் அப்போதும் தரைக்கு அடியில்தான். பார்க்க ஆள் இருந்தார் அல்லவா. பின்னாளில் எம்37 என்ற டாட்ஜ் முக்கால் டன் ராணுவ டிரக்கை வாங்கிய அமெரிக்கச் சேகரிப்பாளர்கள், அந்த மீதி வேலையைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

டப்பாவின் வேலை எவ்வளவு சின்னது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாஸ்டர் சிலிண்டரின் உள் விட்டம் 1 அங்குலம் என்றால் அதன் பரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர். காலால் 30 கிலோ அழுத்துகிறோம், பெடல் அதை ஆறு மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால், சிலிண்டருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 35 கிலோ அழுத்தம். சக்கரத்துக்குப் போகும் உலோகக் குழாய் தாங்க வேண்டியது இதை.

டப்பாவை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால், அந்த ஹோஸில் இருக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 63 கிராம். கிலோ இல்லை, கிராம். இரண்டுக்கும் 500 மடங்குக்கு மேல் வித்தியாசம். டப்பா பிரேக் பிடிக்கிற பக்கத்தில் இல்லவே இல்லை. பெடலை விட்டதும் பிஸ்டன் பின்னால் வருகிறது, சிலிண்டரில் உள்ள சின்னத் துளைகள் திறக்கின்றன, குறைந்திருந்தால் மேலேயிருந்து ஆயில் இறங்குகிறது, சூட்டில் விரிந்திருந்தால் மேலே ஏறுகிறது. அவ்வளவுதான் அதன் தொழில். இதைச் சொன்னாலே "ஜம்முனு ஆயிரும்" என்பது விழுந்துவிடுகிறது.

டப்பா மாட்டியபின் பெடல் நிஜமாகவே நன்றாகிவிட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த வேலையோடு பழைய ஆயிலை வடித்துப் புதியது ஊற்றியிருப்பார்கள், நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்திருப்பார்கள், பிரேக் அட்ஜஸ்ட் செய்திருப்பார்கள். நன்மை செய்தது அந்த மூன்றும். பெயர் வாங்கியது டப்பா.

செய்யும் விதத்தில் உள்ள குறைகள்

அழுத்தம் இல்லாத வேலை என்பதால் எப்படியும் செய்யலாம் என்ற அலட்சியம் வந்துவிடுகிறது. நான் பார்த்த வரையில் ஐந்து இடங்களில் இது சறுக்குகிறது.

முதலாவது ஹோஸ். கையில் கிடைக்கும் பெட்ரோல் ஹோஸைப் போட்டுவிடுகிறார்கள். பெட்ரோலுக்கான ரப்பர் வேறு, பிரேக் ஆயிலுக்கான ரப்பர் வேறு. பெட்ரோல் ஹோஸில் பெரும்பாலும் இருப்பது நைட்ரைல். கிளைக்கால் வகை பிரேக் ஆயில் அதை ஊறவைத்து, உப்பவைத்து, கடைசியில் உதிரவைக்கும். உதிர்ந்த துகள் போய் அடைப்பது அந்தச் சின்னத் துளையை. அது அடைத்தால் பெடலை விட்டபின்பும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். பிரேக் ஆயிலுக்கென்றே விற்கும் ஹோஸ் இருக்கிறது. கார்களின் டப்பாவுக்கும் சிலிண்டருக்கும் நடுவே போடுவது. அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது பழைய மூடி. இதுவரை அது ஆயில் மட்டத்துக்கு மேலே இருந்தது. அதில் துளை இருந்தாலும் பரவாயில்லை, ஒழுகாது. இப்போது மேலே ஒரு தூண் ஆயில் நிற்கிறது. அந்த மூடியின் துளையை முழுக்க அடைக்காமல், நடுவில் மட்டும் ஒரு நிப்பிள் பற்றவைத்தால், 60 சென்டிமீட்டர் ஆயிலும் மெல்ல மெல்லச் சேஸிஸ் மேல் இறங்கிவிடும். லேத் பட்டறையில் மரை சரியாகப் போட்டு, துளையில்லாத புது மூடி கடைந்து, செம்பு வாஷர் வைத்து இறுக்குவதுதான் முறை. அதேபோல் மேலே மாட்டும் டப்பாவின் மூடிக்கு மூச்சுத் துளை கட்டாயம் வேண்டும். கீழே அடைக்க வேண்டியதைத் திறந்துவிட்டு, மேலே திறக்க வேண்டியதை டேப் சுற்றி அடைத்த வண்டியையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது ஹோஸின் பாதை. கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு மேடு விழுந்து மறுபடி இறங்கினால், அந்த மேட்டில் ஏர் தங்கும். டப்பா நிறைய ஆயில் தெரியும், கீழே சிலிண்டர் காற்று குடிக்கும். பார்வைக்காகச் செய்த வேலை பார்வையையே ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். எக்ஸாஸ்ட் மேனிபோல்டுக்குப் பக்கத்திலும் ஹோஸ் போகக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது டப்பாவின் அளவு. "பெருசா போடுங்க, அடிக்கடி ஊத்த வேண்டாம்" என்பது நம் ஊர் யோசனை. தண்ணீர்த் தொட்டிக்குச் சரி, இதற்கு நேர் தலைகீழ். டிஸ்க் பிரேக் காரில் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் மெல்லக் குறையும், அது இயல்பு. பழைய ஜீப்பில் நான்கு சக்கரமும் டிரம். தேய்மானத்தை அட்ஜஸ்ட் செய்து சரிசெய்கிறோம், பிஸ்டன் பழைய இடத்துக்கே திரும்புகிறது. ஆகவே ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்த வண்டியில் ஆயில் மட்டம் கிட்டத்தட்ட அசையவே கூடாது. அசைந்தால் எங்கோ ஒழுகுகிறது. டிரம்முக்குள் வீல் சிலிண்டர் ஒழுகினால் தரையில் சொட்டுகூட விழாது, லைனிங்கை நனைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஒழுகலுக்கு முதல் சாட்சி ஆயில் மட்டம்தான். பெரிய டப்பாவில் 50 மில்லி குறைந்தால் கோடு அளவுதான் தெரியும். ஒல்லியான சின்ன டப்பாவில் பளிச்சென்று தெரியும். சின்னது, உள்ளே தெரிவது, பக்கத்தில் கோடு போட்டது, முடிந்தால் மட்டம் குறைந்தால் விளக்கெரியும் மூடி உள்ளது. அதுதான் வாங்க வேண்டியது.

ஐந்தாவது நம் சொல். 'பிரேக் ஆயில்' என்கிறோம். அது ஆயிலே இல்லை. ஒரு காலத்தில் ஆமணக்கெண்ணெயில் ஆல்கஹால் கலந்து செய்தார்கள், அப்போது அந்தப் பெயருக்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று கடையில் கிடைக்கும் டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் சேர்ந்த திரவம், தண்ணீரோடு கலந்துவிடும் ஜாதி. டப்பா கைக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிட்டதால், அவசரத்துக்கு 'ஏதோ ஒரு ஆயில்' ஊற்றும் கையும் எட்டிவிடுகிறது. இன்ஜின் ஆயில் ஒரு மூடி உள்ளே போனாலே ரப்பர் கப்புகள் ஊறி உப்பும். பிறகு ஏர் எடுத்துப் பயனில்லை, எல்லா ரப்பரும் மாற்ற வேண்டும், குழாயெல்லாம் கழுவ வேண்டும். டப்பாவின் மேல் பெயிண்டில் 'டாட் 3' என்று எழுதிவைப்பது சின்ன வேலை. ஆனால் தரைக்கு அடியில் இருந்தபோது தேவைப்படாத வேலை.

டப்பா மாட்டிய மறுவாரம் பெடல் பக்கம் ஈரம் கசிந்தால் டப்பாவைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் அது மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கக் கப் முதுமை. முன்பும் அதன்மேல் ஆயில் நின்றது, இப்போது கொஞ்சம் கூடுதல் உயரத்தில் நிற்கிறது. ஒளிந்திருந்த நோய் வெளியே தெரிகிறது, அவ்வளவே. அதற்கு மருந்து டப்பாவைக் கழற்றுவது இல்லை, ரப்பர் கிட் மாற்றுவது.

மாறாதவை

இத்தனையும் சரியாகச் செய்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி என்ன மாறவில்லை என்று பார்க்க வேண்டும். என் விமர்சனத்தின் கனம் இங்கேதான்.

பழைய ஜீப்பின் பிரேக் ஒற்றைச் சுற்று. ஒரே பிஸ்டன், ஒரே வழி, அதிலிருந்து நான்கு சக்கரம். எங்கே ஒரு குழாய் விட்டாலும் நான்கும் போகும். பின்சக்கரப் பக்கம் ஒரு கல் தெறித்துக் குழாய் நசுங்கி வெடித்தால், மேலே டப்பா நிறைய ஆயில் இருந்தும் பயனில்லை. இரண்டு மூன்று மிதியில் அதையும் ரோட்டில் ஊற்றிவிடும். அமெரிக்காவில் 1960-களின் இறுதியிலேயே புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்றைக் கட்டாயமாக்கினார்கள். காரணம் இந்த ஒன்றுதான். ஒரு பாதி போனாலும் மறுபாதி பிடிக்க வேண்டும்.

கைப்பிரேக் இருக்கிறதே என்று கேட்கலாம். போர்க்கால வில்லிஸில் அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் புரொப்பெல்லர் தண்டைப் பிடிக்கிறது. நிறுத்திய வண்டியை நிறுத்திவைக்க அது போதும். ஆள் ஏற்றிய வண்டியைச் சாய்வில் நிறுத்த அதை நம்பி இறங்குபவரின் தைரியம் எனக்கு இல்லை.

அடுத்தது சூடு. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அதற்கான வரம்பு 140. டாட் 4-க்கு இதே எண்கள் 230, 155. சாரல் காலத்து ஈரக் காற்றில் தண்ணீர் சேர்வது தடுக்க முடியாதது. கோட்டைவாசலில் இருந்து புளியரை எஸ் வளைவு இறங்கும்போது, லோடும் ஆளுமாக, 9 அங்குல டிரம்மில் காலை எடுக்காமல் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தால், வீல் சிலிண்டரில் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி நசுங்கும், திரவம் நசுங்காது. பெடல் தரையைத் தொடும். கொஞ்ச நேரம் ஆறினால் பெடல் திரும்ப வரும், பட்டறையில் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. டப்பாவில் மட்டமும் சரியாக இருக்கும். டப்பா தண்ணீரைக் காட்டாது, அதிகபட்சம் நிறம் கறுத்ததைக் காட்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுக்க மாற்றுவதும், ஏறின கியரிலேயே இறங்குவதும்தான் இதற்கு வழி. இரண்டையும் எந்த டப்பாவும் செய்யாது.

தண்ணீரே சேராத சிலிகான் வகை, டாட் 5, இருக்கிறதே என்பார்கள். அமெரிக்க ராணுவமே 1980-களில் அதற்கு மாறியது. நிறுத்திவைத்த வண்டிக்கு அது நல்லது. ஆனால் பழையதோடு கலக்கக்கூடாது. மூடி வழியாக இறங்கும் தண்ணீர் அதில் கரையாமல் தாழ்ந்த இடத்தில் தனியாகத் தேங்கும். ஓடையில் இறங்கும் வண்டிக்கு அதை யோசித்துத்தான் ஊற்ற வேண்டும்.

ஒரிஜினல் கட்சிக்கு ஒரு பதில்

இன்னொரு பக்கம், "ஒரிஜினலைத் தொடாதே" என்பவர்கள் இருக்கிறார்கள். கண்காட்சியில் நிற்கும் வண்டிக்கு அவர்கள் சொல்வது சரி. ஓடுகிற வண்டிக்குச் சரியில்லை. அந்த வண்டியின் ஒரிஜினல் என்பது இரும்பு மட்டும் இல்லை. அதைப் பராமரித்த ஒழுங்கும் சேர்ந்ததுதான். அந்த ஒழுங்கு போய்விட்டது. போனதற்குப் பதிலாக ஒரு ஜன்னல் வைப்பதை நான் சிதைப்பு என்று சொல்ல மாட்டேன். பழைய மூடியை ஒரு பையில் போட்டு வைத்தால் போதும், எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம். சேஸிஸில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை.

ஆனால் சீசனில் ஆள் ஏற்றும் வண்டிக்கு இந்த ஜன்னல் போதாது. அங்கே செய்ய வேண்டியது இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் குழாய். செலவு கூடுதல், வேலை பெரிது, தெரிந்தவர் கையால் செய்ய வேண்டியது. டப்பா மாட்டிவிட்டு அந்தச் செலவைத் தள்ளிப்போடுகிற வழக்கம்தான் இந்த நல்ல யோசனையின் கெட்ட பக்கம். பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு பானெட்டுக்குள் இருக்கும் புது டப்பா தெரியாது, தரைக்கு அடியில் இருக்கும் ஒற்றைக் குழாயும் தெரியாது. ஓட்டுகிறவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். டப்பாவை மாட்டுங்கள். சின்னதாக, தெளிவானதாக, சரியான ஹோஸில் மாட்டுங்கள். தினமும் காலையில் தண்ணீர் பார்க்க பானெட் திறக்கும்போது அந்தக் கோட்டையும் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு மூடாதீர்கள். எங்கே போனது என்று நான்கு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். ஊற்றுவதற்காக அல்ல, தேடச் சொல்வதற்காகத்தான் அந்த டப்பா மேலே வந்திருக்கிறது.